ஏழாம் எண்

பதினொரு குதிரைகள்; ஒன்றுகூட என்னுடையதில்லை.
விடியுமுன் ஐந்தரைக்கு விளக்கைப் போட்டால்
பதினொரு முன்னங்கால்கள் கதவை உதைக்கும்.
கால் மணி தாமதமாம்.

டோக்கும் ஊருக்கு வடக்கே, கடலணைக்கு இந்தப் பக்கம்,
காற்றுக்கு மறைவே இல்லாத சமவெளியில்
நான் வாடகைக்கு விடுவது மூன்றரைக்கு மூன்றரை மீட்டர்,
மரத்தூள் விரிப்பு, மூன்று வேளை உலர்புல்.
ஒப்பந்தத்தில் அவ்வளவுதான்.
மாரைக்கேயின் குதிரைக்கு இன்றிரவு
தடித்த போர்வையா மெல்லியதா என்ற விசாரணை
அதில் கிடையாது. ஆனாலும் பதில் எழுதுகிறேன்,
விரல் மரத்த குளிரில்
கையுறையைப் பல்லால் கழற்றி.

யார் வருவதென்று நான் எட்டிப் பார்ப்பதில்லை.
காதுகள் சொல்லிவிடும்.
வெள்ளை வேன் வளைவில் திரும்பினால் இரண்டாம் எண் நிமிரும்.
ஏழாம் எண், போன்கே, பதினெட்டு வயதுக் கறுப்பன்,
ஒரு பழைய டீசல் வோல்வோவின் இருமலுக்காக
தலையைச் சாலைப் பக்கமே வைத்திருக்கிறான்.
வோல்வோ வந்து ஐந்து மாதம்.
பணம் வந்து நான்கு.

கொள்ளென்றால் திறந்து, கடிவாளமென்றால் மூடும் வாய்
குதிரைக்கு மட்டுமா?
பாக்கி என்றதும் ரின்ஸேவின் தொலைபேசியும் அப்படித்தான்.
மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவது
வக்கீல் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளில்:
'குதிரையை விற்றுக் கடனை நேர்செய்யும் உரிமை.'
தபாலில் சேர்த்துவிட்டு வந்து
போன்கேவுக்குக் கூடுதலாக ஒரு காரட் போட்டேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.

பிப்ரவரியில் ஓர் இரவு
படுத்தான், எழுந்தான், மறுபடி படுத்தான்.
உள்ளே யாரோ தட்டுவதுபோல்
தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.
மருத்துவர் டௌவே வந்தார், ஊசி போட்டார்,
விலாவில் காதை வைத்துக் கேட்டார்.
'குடலில் சத்தமே இல்லை. நடத்து.'
நடத்தினேன். விளக்குக் கம்பத்திலிருந்து எருக்குவியல்,
எருக்குவியலிலிருந்து விளக்குக் கம்பம்.
உறைந்த முற்றத்தில் லாடங்கள் பீங்கானை மிதித்தன.
ரின்ஸேவை அழைத்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.
இவன் செத்தால் யாருடைய சாவு?
கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம்?
பல் கிட்டிப்போய் நின்றேன். நெற்றியை என் தோளில் சாய்த்தான்,
அறுநூறு கிலோவில் அவனுக்கு வேண்டாத பகுதியை மட்டும்.

மூன்று நாற்பதுக்கு வாலைத் தூக்கினான்.
ஆறு லத்தி உருண்டைகள். ஆவி பறந்தது.
எந்த நகைக்கடையிலும் நான்
அப்படிக் குனிந்து பார்த்ததில்லை.
படமெடுத்து ரின்ஸேவுக்கு அனுப்பினேன்,
ஒரு சொல்லும் சேர்க்காமல்.
இரண்டு நீலக் குறிகள் உடனே விழுந்தன.
அப்படியென்றால், விழித்துத்தான் இருந்திருக்கிறார்.

ஞாயிறு காலை ஒரு சைக்கிள் வந்தது.
போன்கேயின் காது அசையவில்லை;
சைக்கிளை அவனுக்குத் தெரியாது.
எதிர்காற்றில் பத்தொன்பது கிலோமீட்டர்.
மூக்கு சிவந்து, கால்சட்டை ஓரத்தில் கிளிப்போடு
ரின்ஸே வாசலிலேயே நின்றார்.
காரைச் செப்டம்பரிலேயே விற்றாயிற்றாம்.
வேறு சிலதையும். என்னவென்று நான் கேட்கவில்லை.
பிறகு தொண்டையைச் செருமினார்.
டீசல் இருமலுக்கும் அதற்கும்
பெரிய வித்தியாசம் இருந்திருக்காது:
ஏழாம் எண்ணில் இரண்டு காதுகளும் திரும்பின.

தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி உடைக்கப் போய்விட்டேன்,
உடைத்தது போதும் என்ற பிறகும் உடைத்தேன்.
திரும்பி வந்தால், யாரும் சொல்லாமலே
நான்காம் கொட்டிலை அள்ளிக்கொண்டிருக்கிறார்,
தவறான கவைக்கோலால்.
'அது வைக்கோலுக்கு. மரத்தூளுக்குப் பல் நெருங்கியது வேண்டும்.'
எடுத்துக் கொடுத்தேன்.
நான்கு மாதப் பாக்கி அப்படியே நிற்கிறது.

சட்டைப்பையில் தொலைபேசி துடித்தது. மாரைக்கே.
மெல்லியதா, தடித்ததா?